மீள்சுழற்சி நிலையத்துக்கு வந்த பணத்துக்குச் சபையில் யார் கணக்குக் கேட்பது?

பாலைமரத்தடி எழுதியது:

எங்கள் பிரதேச சபையின் திண்மக்கழிவு தரம்பிரிக்கும் நிலையத்தை நேரில் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எந்தச் சபை என்று பெயர் குறிப்பிடவில்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று எந்த மாவட்டத்தில் இருப்பவரும் படித்துவிட்டு "எங்களுடையதும் இப்படித்தான்" என்று சொல்லக்கூடும்.

பிரதான வீதியிலிருந்து கிரவல் பாதையில் உள்ளே போக வேண்டும். தகரக் கூரை, சீமெந்துத் தளம், இடுப்பளவு சுவர் வைத்துப் பிரித்த அறைகள். ஒவ்வோர் அறைக்கும் மும்மொழியில் பலகை: கண்ணாடி, பிளாஸ்டிக், காட்போட், உலோகம். கண்ணாடி என்று எழுதிய அறையில் மண்வெட்டிகளும் ஒரு பழைய தண்ணீர்த் தாங்கியும் கிடந்தன. போத்தல்களை அமுக்கிக் கட்டும் இயந்திரம் நீலத் தறப்பாளால் மூடப்பட்டிருந்தது. தறப்பாளை விலக்கிப் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒட்டிய பாதுகாப்புத் தாள் இயந்திரத்தின் தட்டிலிருந்து இன்னும் உரிக்கப்படவில்லை. மின்கம்பி சுருட்டிக் கட்டியபடியே இருந்தது. அதை இணைக்க வேண்டிய பெட்டி சுவரில் இல்லை. அந்த இயந்திரத்துக்கு மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். நிலையத்துக்கு வந்திருப்பது வீட்டு இணைப்புப் போன்ற ஒற்றை இணைப்பு. கொட்டகைக்குப் பின்னால் போத்தலும் சொப்பிங் பையும் சேர்ந்து எரிந்துகொண்டிருந்தன.

பிறகு சபையின் கூட்ட அறிக்கைகளைத் தேடிப் படித்தேன். தெருவிளக்கு, மதகு, கட்டாக்காலி மாடு, சந்தைக் கடை வாடகை பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறார்கள். நிலையம் திறந்த பிறகு அதைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. வரவு செலவுத் திட்டத்தில் திண்மக்கழிவு என்ற ஒரே தலைப்பின் கீழ் சம்பளம், டீசல், டயர், திருத்த வேலை எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்கள். வருமானப் பக்கத்தில் மீள்சுழற்சிப் பொருள் விற்ற பணம் என்று தனி வரியே இல்லை.

இயந்திரம் வாங்கியதற்குக் கணக்கு நிச்சயமாக இருக்கும். அது ஓடியதற்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? கட்டடத்துக்கு ஒரு நிதி, இயந்திரத்துக்கு வேறொரு நிதி என்று சொல்கிறார்கள். அப்படியானால் கேட்க வேண்டியது பிரதேச சபையா, மாகாண சபையா, பாராளுமன்றமா? விடயம் தெரிந்தவர்கள் விளக்குங்கள். அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் சபைக்கு வரும் காலம் நெருங்குகிறது.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

தம்பி, உள்ளூராட்சியில் நிதிப்பிரிவில் வேலை செய்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குப்பைக்கு வரும் பணம் ஒரே வாய்க்காலால் வருவதில்லை. ஆதன வரி, வியாபார உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை எல்லாம் சபையின் சொந்த வருமானம். வன்னிச் சபைகளில் அது டீசலுக்கே போதாது. அடுத்தது மாகாணத்தின் ஊடாக வரும் பி.எஸ்.டி.ஜி. நிதி, அதாவது மாகாணத்துக்கென்று ஒதுக்கும் அபிவிருத்திக் கொடை. மூன்றாவது மத்திய அரசின் திட்டங்கள். மத்திய சுற்றாடல் அதிகார சபை 2008இல் தொடங்கிய பிலிசரு அப்படிப்பட்டது. நாட்டின் பல பகுதிகளில் உள்ள கூட்டுப்பசளை நிலையங்கள் அதில் எழும்பியவை. நான்காவது உலக வங்கி, ஆசிய அபிவிருத்தி வங்கி போன்றவற்றின் உதவியோடு வரும் உள்ளூராட்சித் திட்டங்கள்.

இப்போது ஒவ்வொரு பணத்துக்கும் மேலே கணக்குக் கேட்க வேண்டிய சபை எது என்று பாருங்கள். உள்ளூராட்சி மாகாணத்துக்குப் பகிரப்பட்ட அதிகாரம். எனவே மாகாண நிதி எப்படிச் செலவானது என்று கேட்க வேண்டியது வடக்கு மாகாண சபை. அந்தச் சபை 2013 செப்டெம்பரில் தெரிவாகி, 2018 ஒக்டோபரில் காலம் முடிந்து போனது. அதற்குப் பிறகு தேர்தல் இல்லை. ஆளுநரும் செயலாளர்களும் நிர்வாகத்தை நடத்துகிறார்கள். பணம் வருகிறது, போகிறது. கேள்வி கேட்க மக்கள் தெரிவு செய்த ஒருவரும் அந்த மண்டபத்தில் இல்லை.

கீழே வாருங்கள். உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச் 19ஆம் திகதி முடிந்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. இடையில் இரண்டு ஆண்டுக்கு மேல் பிரதேச சபைகளில் செயலாளரே எல்லாம். அவர்களில் பலர் நேர்மையாக உழைத்தவர்கள், நான் அறிவேன். ஆனால் திட்டத்தைத் தயாரிப்பவரும் அனுமதிப்பவரும் செலவழிப்பவரும் ஒருவராகவே இருந்தால் கேள்வி எங்கிருந்து பிறக்கும்?

கணக்காய்வு நடக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் வருவார்கள். ஒதுக்கீடு இருந்ததா, முறையாகக் கேள்வி (டென்டர்) கோரப்பட்டதா, மதிப்பீட்டுக் குழு கையொப்பமிட்டதா, பொருள் பதிவேட்டில் ஏறியதா என்று பார்ப்பார்கள். இவை எல்லாம் சரியென்றால் தறப்பாளுக்குக் கீழே கிடக்கும் இயந்திரமும் காகிதத்தில் நல்ல இயந்திரம்தான். பயன்படாமல் கிடக்கிறது என்று ஐயவினா, அதாவது விளக்கம் கேட்கும் கணக்காய்வுக் கடிதம், எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று பதில் போகும். அடுத்த வருடம் அதே வினா, அதே பதில். அந்தப் பதிலைச் சபை உறுப்பினர்கள் வாங்கிப் படித்து, "என்ன நடவடிக்கை, எப்போது முடியும்" என்று கேட்டால்தான் அது நகரும்.

இன்னொன்றையும் குறித்து வையுங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 93ஆம் பிரிவின்படி, சபை சேகரிக்கும் தெருக் குப்பையும் வீட்டுக் குப்பையும் சபையின் சொத்து. அதை விற்கும் அதிகாரமும் சபைக்கே இருக்கிறது. விற்ற பணம் சபை நிதியில் சேர வேண்டும். ஒரு சாக்குப் போத்தல் நிலையத்தின் வாசலைத் தாண்டினால் அதற்கு ஒரு பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். நான் கேட்கச் சொல்வது முதலில் அந்தப் பற்றுச்சீட்டைத்தான்.

குளக்கட்டு எழுதியது:

இரண்டு பேரையும் மதிக்கிறேன். ஆனால் இந்த வழியில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இங்கே குப்பை அள்ளுகிறவர் யார் என்று யோசித்தீர்களா? நிரந்தர நியமனம் இல்லாமல் நாட்கூலிக்கு வருகிறவர்கள். எங்கள் ஒழுங்கையால் காலையில் வரும் உழவு இயந்திரப் பெட்டியில் நிற்கும் அக்காவின் கையுறையில் விரல் நுனிகள் கிழிந்துவிட்டன. நாங்கள் கட்டிக் கொடுக்கும் பைக்குள் உடைந்த போத்தல், குழந்தைகளின் அணையாடை, மீன் செதில், ஊசி எல்லாம் ஒன்றாக இருக்கின்றன. அவர் அதை வெறுங்கையால் பிரிக்க வேண்டும். சபையில் உட்கார்ந்து கிலோக்கணக்குக் கேட்டால் அந்தக் கிலோவையும் அவருடைய முதுகில்தான் ஏற்றுவார்கள்.

கேள்வி கூடக் கூட அலுவலர்கள் பயந்து கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடுவார்கள். இதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் செய்யாதவருக்கு ஐயவினா வராது. செய்தவருக்குத்தான் வரும். முதலில் கையுறை, சப்பாத்து, நியாயமான கூலி. வீட்டில் பிரித்துக் கொடுக்கும் பழக்கம். அதற்குப் பிறகு கணக்கைப் பார்க்கலாம்.

பழைய இரும்புக்காரன் எழுதியது:

நான் இந்தத் தொழிலில் இருப்பவன். யாரும் என்னைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும்.

வன்னியில் பழைய பொருள் வியாபாரம் 2009க்குப் பிறகு இரும்பில்தான் பெருகியது. எரிந்த வாகனம், கூரைத் தகரம், வளைந்த கம்பி. வெடிக்காத பொருளைத் தெரியாமல் எடுத்துக் கையை இழந்தவர்களும் உயிரை இழந்தவர்களும் உண்டு. அந்த இரும்பு தீர்ந்துகொண்டு வர, போத்தலுக்கும் காட்போட்டுக்கும் வந்தோம். அரசாங்கம் மீள்சுழற்சி என்று பலகை வைக்க முன்னமே சைக்கிளில் கொழுவிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள் எங்களவர்கள்.

இப்போது அந்த இயந்திரத்துக்கு வருகிறேன். சோடாப் போத்தலை அமுக்காமல் லொறியில் ஏற்றினால் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம். வாங்கும் ஆலைகள் தெற்கில். ஏ9 வழியாக அவ்வளவு தூரம் காற்றுக்கு டீசல் ஊற்ற ஒருவராலும் முடியாது. எனவே அமுக்கும் இயந்திரம் வீண் செலவு இல்லை. நிலையத்தில் உண்மையாகவே தேவைப்படுவது அதுதான். அதை வாங்கியவர் சரியாகத்தான் வாங்கியிருக்கிறார். மின் இணைப்புக்குக் காசு ஒதுக்காமல் விட்டதுதான் அவர் கெடுத்த இடம். ஒரு திட்டத்தில் இயந்திரத்துக்குப் பணம் இருக்கும், இணைப்புக்கும் இயக்குகிறவருக்கும் இருக்காது. "அதைச் சபை பார்த்துக்கொள்ளும்" என்று எழுதியிருப்பார்கள். சபையிடம் பணம் இல்லை என்பது எழுதியவருக்கும் தெரியும்.

எது விலைபோகும் என்பதையும் தெரிந்து பேசுங்கள். தெளிந்த சோடாப் போத்தல் போகும். அதன் மூடி வேறு பிளாஸ்டிக், தனியாகக் கழற்ற வேண்டும். எண்ணெய்க் கலன், வாளி, கதிரை போகும். காட்போட் நனையாமல் இருந்தால் போகும். சொப்பிங் பையையும் பிஸ்கட் உறையையும் சேற்றோடு கொண்டுவந்தால் இங்கே வாங்க ஆள் இல்லை. வயல் மருந்துப் போத்தலை நாங்கள் தொடவே மாட்டோம். அது வாய்க்கால் ஓரத்தில் கிடந்து மழைக்குக் குளத்தில் இறங்குகிறது. கண்ணாடி உருக்கும் ஆலை ஹொரணையில். வன்னியிலிருந்து உடைந்த கண்ணாடியை அங்கே கொண்டுபோனால் கூலிக்கே கட்டாது. கண்ணாடி அறையில் மண்வெட்டி கிடக்கும் காரணம் அதுதான்.

கடைசியாக, நான் சபையிடம் வாங்க முயன்ற கதை. சபைச் சொத்தை விற்பதென்றால் விலை மதிப்பீடு, கேள்வி கோரல், அனுமதி எல்லாம் வேண்டும் என்றார்கள். கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அனுமதி வருமுன் சந்தை விலை விழுந்துவிட்டது. அங்கே குவிந்திருந்ததில் பாதி எரிந்துவிட்டது. குளக்கட்டு அண்ணை சொன்ன பயம் இதுதான். கணக்குப் பிழைக்கக் கூடாது என்று பயந்து விற்காமல் விட்டார்கள். எரித்ததற்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

செவ்வரத்தை எழுதியது:

2025இல் முதல் தடவையாகத் தெரிவான ஓர் உறுப்பினர் நான். சபையின் பெயரைச் சொல்ல மாட்டேன். பெண்களுக்கு நான்கில் ஒரு பங்கு என்று சட்டம் வந்ததால் எனக்கு இந்தக் கதிரை கிடைத்தது. அதில் உட்கார்ந்து கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வர நான் விரும்பவில்லை. அதனால்தான் இந்த இழையைக் கவனமாக வாசிக்கிறேன்.

எங்கள் சபையிலும் நிலையம் பற்றி நான் கேட்டேன். "செயற்பாட்டில் உள்ளது" என்றார்கள். எத்தனை கிலோ விற்றீர்கள் என்று கேட்டேன். "பதிவேட்டைப் பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். அடுத்த அமர்வில் அந்தக் கேள்வியே அறிக்கையில் இல்லை. வாயால் கேட்பது காற்றோடு போகிறது என்று அன்று விளங்கியது.

எங்கள் பக்கத்து உண்மையையும் சொல்ல வேண்டும். மாதக் கணக்கறிக்கை கூட்டம் தொடங்கும்போதுதான் கையில் வருகிறது. அதை வாசிக்கத் தெரிந்தவர் சபையில் மிகச் சிலர். வட்டாரத்துக்குப் போனால் மக்கள் கேட்பது வீதி, விளக்கு, குடிநீர். மீள்சுழற்சிக்கு வந்த பணம் எங்கே என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு உறுப்பினர் எதற்காகச் சண்டை பிடிக்க வேண்டும் என்று மூத்தவர் ஒருவர் எனக்கே அறிவுரை சொன்னார். நான் ஏற்கவில்லை. ஆனால் என்ன கேட்பது, எந்தச் சொல்லில் கேட்பது என்பதில் எனக்கு உதவி வேண்டும்.

கடல்தாண்டியவன் எழுதியது:

பரந்தனில் பிறந்து இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே நடப்பதைச் சொல்கிறேன், பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாநிலத்தில் 1986இல் ஒரு சட்டம் வந்தது. பானப் போத்தல் வாங்கும்போது சிறிய போத்தலுக்கு 5 சதம், 24 அவுன்ஸும் அதற்கு மேலும் கொள்ளும் பெரிய போத்தலுக்கு 10 சதம் மேலதிகமாகக் கட்ட வேண்டும். வெறும் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். யாரும் திரும்பக் கேட்காத பணம் மாநில நிதியமொன்றில் தங்குகிறது. மீள்சுழற்சிக்கான மானியங்களில் பல அதிலிருந்துதான் போகின்றன. அதாவது அது கடையில் போத்தல் வாங்கிய ஒவ்வொருவருடைய பணம்.

மாநில சட்டமன்றத்தின் இரு அவைகளுக்கும் பொதுவான கணக்காய்வுக் குழு ஒன்று இருக்கிறது. இன்ன திட்டத்தைப் பாருங்கள் என்று மாநிலக் கணக்காய்வாளரிடம் அது கேட்கலாம். 2014இல் வந்த கணக்காய்வு அறிக்கை, இந்தத் திட்டத்தில் செலவு வருமானத்தை மிஞ்சுகிறது, வெளிமாநிலப் போத்தல்களைக் கொண்டுவந்து பணம் எடுக்கும் மோசடியைத் தடுக்கும் முறை போதாது என்று சொன்னது. அறிக்கை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2019 ஓகஸ்டில் போத்தல் வாங்கும் நிறுவனமொன்று தன் 284 நிலையங்களையும் ஒரே நாளில் மூடியது. மக்கள் போத்தலோடு அலைந்தார்கள். ஆனால் பணம் எவ்வளவு சேர்ந்தது, எவ்வளவு திரும்பியது, எங்கே ஓட்டை என்பது எல்லாருக்கும் தெரிந்த கணக்காக இருந்தது. சட்டமன்றத்தில் சண்டை அந்தக் கணக்கை வைத்து நடந்தது.

குளக்கட்டு எழுதியது:

கலிபோர்னியாவில் போத்தலுக்கு முதலே பணம் கட்டுகிறார்கள். இங்கே யாரும் கட்டுவதில்லை. எங்கள் வீட்டு வாசலில் கிடக்கும் போத்தலை விற்றவருக்கு அதில் ஒரு பொறுப்பும் இல்லை. மீளப் பெறும் செலவு முழுவதும் ஏழைப் பிரதேச சபையின் தலையில். அதனால் அந்த உதாரணத்தை அப்படியே கொண்டுவர முடியாது.

ஆனால் பழைய இரும்புக்காரன் தம்பி சொன்னது என்னை யோசிக்க வைத்தது. மின் இணைப்பு இல்லாமல் இயந்திரம் வாங்கிய அதே கையால்தான் கையுறை இல்லாமல் ஆள் பிடித்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே கேள்விக்குள் கொண்டுவர முடியுமென்றால் நான் எதிர்க்கவில்லை. தொழிலாளரின் கையுறையையும் சப்பாத்தையும் கணக்கில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அப்போது அது வெட்டப்பட்டால் எங்கள் கண்ணுக்குத் தெரியும்.

பரந்தன் சந்தி எழுதியது:

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் போத்தல் சேர்த்து விற்று விளையாட்டுப் பொருள் வாங்குகிறார்கள். அவர்களிடம் ஒரு கொப்பி இருக்கிறது. திகதி, நிறை, வாங்கியவர், தொகை, ஆசிரியரின் கையொப்பம். எட்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் கொப்பியைச் சபையால் எழுத முடியாதா?

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

பிள்ளை செவ்வரத்தை, உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலாவது, வாயால் கேட்காதீர்கள். முன்னறிவித்தலோடு எழுத்தில் பிரேரணையாகக் கொடுங்கள். அது கூட்ட அறிக்கையில் ஏறியே ஆக வேண்டும்.

இரண்டாவது, வரவு செலவுத் திட்ட வரைபு சபைக்கு வருமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்த நாட்களில் போய்ப் பார்க்கிறவர்கள் மிகக் குறைவு. பாலைமரத்தடித் தம்பி போன்றவர்கள் போய், மீள்சுழற்சிக்குத் தனித் தலைப்பு வேண்டும் என்று எழுத்தில் கொடுக்கலாம். வரைபாக இருக்கும்போது ஒரு வரியைச் சேர்ப்பது இலகு. நிறைவேறிய பிறகு திருத்தம், குறைநிரப்பு என்று அலைய வேண்டும்.

மூன்றாவது, தகவல் அறியும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று தீர்மானித்து அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்த அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மேலே ஆணைக்குழு. அந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. வெளிநாட்டு நிதியில் 100,000 அமெரிக்க டொலருக்கும் உள்நாட்டு நிதியில் 500,000 ரூபாவுக்கும் மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அதன் விபரத்தை மக்களுக்கு அறியத் தர வேண்டும் என்று அது சொல்கிறது. தரம்பிரிக்கும் நிலையமொன்றைக் கட்டி இயந்திரமும் வாங்கினால் 500,000 ரூபாவைத் தாண்டாமல் இருக்குமா?

நான்காவது பாராளுமன்றம். பொதுக் கணக்குகள் குழு, அதாவது கோபா, அமைச்சுகளையும் திணைக்களங்களையும் மட்டும் விசாரிப்பதில்லை. மாகாண சபைகளும் உள்ளூராட்சி மன்றங்களும் அதன் வரம்புக்குள் வருகின்றன. மாகாண சபை இல்லாத இந்தக் காலத்தில் மாகாண நிதிக்குக் கணக்குக் கேட்கக்கூடிய, மக்கள் தெரிவு செய்த ஒரே இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். வவுனியா, மன்னார், முல்லைத்தீவு மக்கள் வன்னித் தேர்தல் மாவட்ட உறுப்பினர்களிடம் போக வேண்டும். கிளிநொச்சி மக்களுக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம். வன்னியின் நடுவில் இருந்துகொண்டு வாக்கு வேறு கணக்கில் விழுவதால், யாரிடம் போவது என்று கிளிநொச்சியில் பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். அந்த ஆறு பேரும் உங்கள் பிரதிநிதிகள்தான்.

பழைய இரும்புக்காரன் சொன்ன விற்பனைச் சிக்கலுக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு குவியலுக்கும் தனித்தனியாகக் கேள்வி கோரத் தேவையில்லை. ஆண்டுக்கு ஒருமுறை கேள்வி கோரி, பொருள் வாரியாகக் கிலோ விலைக்கு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சந்தை விலை மாறினால் எப்படித் திருத்துவது என்பதையும் அதிலேயே எழுதலாம். பிறகு நிறுப்பதும் பற்றுச்சீட்டு எழுதுவதும்தான் வேலை. அலுவலருக்கும் பயம் இல்லை, வாங்குகிறவருக்கும் காத்திருப்பு இல்லை.

பாலைமரத்தடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கேட்க வந்ததை விடக் கூடுதலாகவே கிடைத்திருக்கிறது.

எனக்கு இப்போது தெளிவாகத் தெரிவது ஒன்று. பணம் செலவானதா என்று கேட்டால் எந்தச் சபையும் "ஆம், முறைப்படி" என்று பதில் வைத்திருக்கும். நாங்கள் கேட்க வேண்டியது பணத்தால் என்ன ஓடியது என்பதை. அதற்குப் பெரிய ஆய்வுக் குழு தேவையில்லை. நிலையத்தின் மாத மின்பட்டியலைக் கேட்டாலே போதும். அமுக்கும் இயந்திரம் ஓடும் இடத்தில் மின்பட்டியல் ஒரு மின்குமிழ் எரியும் வீட்டின் பட்டியல் போல இருக்காது. அதோடு நிறைப் பதிவேடு, விற்பனைப் பற்றுச்சீட்டு, இயந்திரத்தின் திருத்தப் பதிவேடு. இந்த நான்கு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பொய் சொல்வது கடினம். மின்பட்டியல் கூடி, விற்பனை கூடாவிட்டால் பொருள் எங்கே போனது என்று கேட்கலாம். விற்பனை இருந்து மின்பட்டியல் இல்லாவிட்டால் அமுக்காமல் யார் கொண்டுபோனது என்று கேட்கலாம்.

செவ்வரத்தை அக்காவுக்காக ஒரு வரைபு எழுதியிருக்கிறேன். திருத்துங்கள்:

"இச்சபைக்குச் சொந்தமான திண்மக்கழிவு தரம்பிரிக்கும் நிலையத்துக்குப் பெறப்பட்ட நிதிகளின் மூலம், தொகை, நோக்கம் ஆகியவற்றையும், நிலையம் திறக்கப்பட்ட நாள் முதல் மாதவாரியாக உள்வந்த பொருளின் நிறை, விற்கப்பட்ட பொருளின் நிறை, பெற்ற தொகை, மின்பட்டியல் ஆகியவற்றையும் செயலாளர் அடுத்த அமர்வில் சபையில் சமர்ப்பிக்க வேண்டும் எனவும், அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மீள்சுழற்சி வருமானத்துக்கும், நிலையத் தொழிலாளரின் பாதுகாப்பு உபகரணங்களுக்கும் தனித்தனித் தலைப்புகள் ஏற்படுத்தப்பட வேண்டும் எனவும் இச்சபை தீர்மானிக்கிறது."

பழைய இரும்புக்காரன் எழுதியது:

ஒன்றைச் சேர்க்க வேண்டும். எரித்ததையும் எழுதச் சொல்லுங்கள். உள்வந்த நிறையில் விற்ற நிறையையும் கையிருப்பையும் கழித்தால் மிச்சம் என்ன ஆனது என்று ஒரு நிரல் வேண்டும். புதைத்தால் புதைத்தது என்று எழுதட்டும். இல்லாவிட்டால் தீக்குச்சியே எல்லாக் கணக்கையும் முடித்துவிடும்.

தராசும் கேளுங்கள். நிலையத்தில் முத்திரையிட்ட தராசு இருக்கிறதா என்று பாருங்கள். நான் போன இடத்தில் கண் மதிப்பில் சாக்கு எண்ணினார்கள். சாக்கு எண்ணிக்கையை வைத்து எவரும் எவரையும் ஏமாற்றலாம், என்னைப் போன்ற வியாபாரிகள் உட்பட.

ஓய்வுபெற்ற கணக்கர் எழுதியது:

தராசு சரியான கேள்வி. வரைபில் "அடுத்த அமர்வில்" என்று இருப்பதைத் திகதியாக மாற்றுங்கள். அமர்வு தள்ளிப்போனால் பதிலும் தள்ளிப்போகும். "நிலையம் திறக்கப்பட்ட நாள் முதல்" என்பதை விட்டுக்கொடுக்காதீர்கள். சபை இல்லாமல் இருந்த 2023, 2024 ஆண்டுகளின் கணக்கு அதற்குள் வரும். அந்தக் காலத்தை யாரும் சபையில் கேட்கவில்லை என்பதால் அது கேட்கப்படாமலே போக வேண்டியதில்லை.

பதில் "பதிவேடு பேணப்படவில்லை" என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். அதைக் கூட்ட அறிக்கையில் அந்தச் சொற்களாலேயே பதியச் சொல்லுங்கள். அதன் பிரதியைக் கணக்காய்வுக்கும் மாகாண உள்ளூராட்சி ஆணையாளருக்கும் அனுப்பலாம். எழுத்தில் வந்த "இல்லை" ஒரு நல்ல ஆவணம்.

செவ்வரத்தை எழுதியது:

எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து இன்று கையால் எழுதி முடித்துவிட்டேன். வழிமொழிய மாற்றுக் கட்சி உறுப்பினர் ஒருவர் சம்மதித்திருக்கிறார். அவருடைய வட்டாரத்தில்தான் நிலையம் இருக்கிறது, புகை அவருடைய மக்களின் வீட்டுக்குள் போகிறது. கட்சிப் பிரேரணையாக ஆக்க வேண்டாம் என்று இருவரும் முடிவெடுத்தோம்.

கையுறையையும் சப்பாத்தையும் "பாதுகாப்பு உபகரணங்கள்" என்று பொதுவாக விடவில்லை. பெயர் சொல்லியே எழுதியிருக்கிறேன், குளக்கட்டு அண்ணை. ஆண்டுக் கிலோ விலை ஒப்பந்தத்தை இரண்டாவது பிரேரணையாகப் பிரித்துவிட்டேன். ஒன்று தோற்றாலும் மற்றது நிற்கும்.

செயலாளரிடம் நாளை கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரையோடு பிரதியில் கையொப்பம் வாங்குகிறேன். பாலைமரத்தடி அண்ணை, நீங்கள் உங்கள் சபைக்குத் தகவல் விண்ணப்பத்தை அதே வாரத்தில் போடுங்கள். மின்பட்டியலைத் தனி இலக்கமிட்டுக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே வரியில் கேட்டால் ஒன்றைத் தந்துவிட்டு எல்லாம் தந்ததாக எழுதுவார்கள். பதில் வந்ததும் பெயர்களை மறைத்து இங்கே போடுகிறேன்.